பிட்சரின் தோல்வி (பேஸ்பால்)

பேஸ்பாலில் ஓர் அணி தோற்றால், அந்தத் தோல்வி அதன் பிட்சர்களில் (பந்தெறிபவர்களில்) ஒருவர் பெயரிலும் எழுதப்படும். கிரிக்கெட்டில் இதற்கு இணையான கணக்கு இல்லை. அங்கே பந்துவீச்சாளரின் கணக்கில் ரன்னும் விக்கெட்டும் ஏறும். ஆட்டத்தின் முடிவு ஏறாது.

அந்த ஒருவர் யார் என்பதை அமெரிக்க மேஜர் லீக் விதிநூலின் 9.17ஆம் விதி வரையறுக்கிறது. வென்ற அணி எந்த ரன்னால் முந்தி, கடைசிவரை பின்தங்காமலும் சமனாகாமலும் இருந்ததோ, அந்த ரன்னுக்குப் பொறுப்பான பிட்சரே தோற்றவர். நடுவில் ஸ்கோர் சமமானால் அதுவரையிலான கணக்கு அழிந்துவிடும். 3-3 என்ற நிலையில், இரண்டாம் பேஸில் எதிரணி ஆட்டக்காரர் நிற்க, ஒரு பிட்சர் வெளியேறுகிறார் என்று கொள்வோம். அடுத்து வந்தவரின் பந்தை பேட்டர் அடிக்க, நின்றவர் ஓடி ரன் எடுக்கிறார். அந்த முன்னிலை நிலைத்தால் தோல்வி, வெளியேறியவருக்கே. ரன் எடுத்தவரை பேஸில் ஏற விட்டவர் அவர்தானே. வெற்றி தன் பெயரில் எழுதப்பட, தொடக்க பிட்சர் பொதுவாக 5 இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும். தோல்விக்கு ஒரே பேட்டர் போதும்.

இந்த விதியின் கடுமை ஃபீல்டிங் பிழைகளில்தான் தெரியும். பிழையால் வந்த ரன், பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரியில் சேராது. ஆனால் தோல்வியைத் தரும். 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ஹார்வி ஹேடிக்ஸ், மில்வாக்கி அணிக்கு எதிராக 12 இன்னிங்ஸில் 36 பேட்டர்களையும் வரிசையாக வீழ்த்தினார். 13ஆவதில் மூன்றாம் பேஸ்காரரின் தவறான எறிதலால் ஒருவர் பேஸ் ஏறினார். அவர் எடுத்த ஒரே ரன்னில் ஆட்டம் போயிற்று. பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த எறிதல்களில் ஒன்று, ஏட்டில் இன்றும் தோல்வியாகவே இருக்கிறது. 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 ரன் சராசரியோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்றார். அந்தப் பருவத்தில் அவருக்கு 10 வெற்றி, 9 தோல்வி. ஒரு பிட்சரின் திறமையை வெற்றி தோல்வி எண்ணைக் கொண்டு அளப்பது அநீதி.

ஹேடிக்ஸ் ஆடிய அதே பைரட்ஸ் கழகம்தான் 2008இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்களை ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்து பழகிய கைகள் அவை. அடுத்த ஆண்டு கல்ஃப் கோஸ்ட் லீக் என்ற கீழ்நிலைத் தொடரில் ரிங்கு 11 ஆட்டங்களில் எறிந்து, 1 வெற்றியும் 2 தோல்விகளும் பெற்றார். ஜூலை 13இல் வந்த அந்த வெற்றி, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியக் குடிமகன் ஒருவரின் முதல் வெற்றி. மற்ற 8 ஆட்டங்களிலும் முடிவைத் தீர்த்த ரன் அவர் கணக்கில் இல்லை.