காசும் நாணயமும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஐந்து செப்புக் காசுகளைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். கிணற்றை ஆழப்படுத்தும்போது அவனுடைய பாட்டனாருக்கு ஒரு சிறு முட்டி நிறையக் காசுகள் கிடைத்தனவாம். ஊருக்கு வந்த ஒருவர் அவற்றைப் பழஞ்செம்பின் விலைக்கு நிறுத்து வாங்கிச் சென்றாராம். விளையாட்டாகப் பையன் ஒளித்துவைத்த ஐந்து மாத்திரமே எஞ்சின. ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி. அதன் கீழே ‘சேது’ என்ற இரண்டு எழுத்து. வாங்கியவர் அவ்விரண்டு எழுத்தின் பெறுமதியை நன்கறிந்தவர் என்பது பின்னரே தெரியவந்தது.

“தராசிலை ஒரு பிழையும் இல்லை, சேர். அப்பு பக்கத்திலை நிண்டு பார்த்தவர்” என்றான் மாணவன்.

தராசு பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. அப்படியாயின் அநீதி எங்கே நிகழ்ந்தது? அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி மிகப் பழையது. கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசெறோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஏறத்தாழ இதே வழக்கு எழுகிறது. ஒருவன் தன்னிடமுள்ள பொன்னைப் பித்தளையென எண்ணி விற்க முற்படுகிறான். அது பொன் என்பதை அறிந்த நல்லவன் அதைச் சொல்லவேண்டுமா, அல்லது ஆயிரம் வெள்ளிக்காசு பெறுமதியுள்ளதை ஒரு காசுக்கு வாங்கிக்கொள்ளலாமா? ஸ்தோயிக்கத் தத்துவவாதிகளே இதில் இரு பிரிவாயினர். சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், மற்றதைச் சொல்லாதிருத்தல் ஏமாற்றாகாது என்பது பாபிலோனியரான தியோஜெனிஸ் கொண்ட கருத்து. அவருடைய மாணவரான அந்திப்பாற்றரோ, மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர், ஆகவே தான் அறிந்ததைத் தன் இலாபத்துக்காக மற்றவனிடமிருந்து மறைத்தல் தகாது என்றார். சிசெறோ அந்திப்பாற்றரின் பக்கமே சார்ந்தார். மௌனம் யாவும் மறைப்பன்று; மற்றவன் அறிந்துகொள்வது அவனுக்கு நன்மையாக இருக்கையில், அவன் அறியாமையால் நாம் ஆதாயம் பெறுவதற்காக வாய்மூடியிருப்பதே மறைப்பு என்பது அவர் கண்ட முடிவு.

அதே நூலில் அவர் ஒரு முன்மாதிரியையும் காட்டுகிறார். குவிந்துஸ் ஸ்கேவோலா என்ற சட்டவறிஞர் ஒரு காணியை வாங்க விரும்பி, விற்பவனிடம் விலையைக் கேட்டார். அவன் விலை சொன்னான். அதனிலும் கூடுதலாகவே தாம் அதனை மதிப்பதாகக் கூறி, ஸ்கேவோலா கேட்ட விலைக்கு மேல் இலட்சம் செஸ்தேர்ஸ் காசு சேர்த்துக் கொடுத்தார். நல்லவன் செயல்தான்; ஆனால் கெட்டிக்காரன் செயலன்று எனச் சிலர் கூறியதையும் சிசெறோ மறைக்கவில்லை. நன்மையையும் கெட்டித்தனத்தையும் வெவ்வேறாகப் பிரிக்கும் அந்த எண்ணமே கேடுகளின் ஊற்று என்று அவர் கருதினார். அடிமைகளின் உழைப்பில் நின்ற சமுதாயம் அது. ஆயினும் அதற்குள்ளிருந்தே இக்குரல் எழுந்தது மனங்கொள்ளத்தக்கது.

பிற்கால உரோமச் சட்டம் இவ்வுணர்வை ஓரளவு ஏற்றது. நியாய விலையின் அரைவாசிக்கும் குறைவாகக் காணியை விற்றுவிட்டவன் அவ்விற்பனையை நீக்குமாறு கேட்கலாம்; வாங்கியவன் விரும்பினால் குறையை நிரப்பிக் கொடுத்துப் பொருளை வைத்துக்கொள்ளலாம். டயோக்கிளீசியன் மன்னனின் பெயரோடு வழங்கும் இவ்விதி, ஒல்லாந்தரின் உரோம-டச்சுச் சட்டத்தோடு நம் தீவுக்கும் வந்து சேர்ந்தது.

முதலாளித்துவ யுகம் வேறு விடை கூறிற்று. 1815 பெப்ரவரியில் நியூ ஓலியன்ஸ் நகரில் ஓர்கன் என்ற வணிகர், பிரித்தானிய-அமெரிக்கப் போர் முடிவுற்ற செய்தியை அதிகாலையிலேயே அறிந்துகொண்டு, அதனை அறியாத வணிகரிடம் பெருந்தொகைப் புகையிலையை வாங்கினார். செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறிற்று. இவ்வழக்கில் 1817இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதியரசர் மார்ஷல், இருவருக்கும் அறியும் வாய்ப்புச் சமமாக இருக்கையில், தான் அறிந்ததைச் சொல்லும் கடமை வாங்குபவனுக்கு இல்லை என்றார். ஆனால் மற்றவனைத் தவறாக நம்பச்செய்யும் சொல்லோ செயலோ கூடாது என்றும் எச்சரித்தார்.

‘சமமான வாய்ப்பு’ என்ற நிபந்தனையை நாம் விட்டுவிடலாகாது. நியூ ஓலியன்ஸ் வணிகர் இருவரும் ஒரே சந்தையில் நின்றவர்கள். நாணயக் கடைக்காரர் ஒருவர் அரிய காசொன்றை அடையாளங் காணத் தவறி விற்றால், அறிந்தவர் அதை வாங்குவதைப் பெருங்குற்றமாக நான் கருதவில்லை. அறிவதே அவர் தொழில். நூல்கள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கிணறு வெட்டிய கிழவரின் நிலை அதுவா?

இத்தீவின் காசுகளைப் பற்றிய அறிவு எம்மொழியில் வளர்ந்ததென்று பாருங்கள். 1877இல் றைஸ் டேவிட்ஸ் எழுதியதும், 1924இல் கொட்றிங்டன் வெளியிட்ட பெருநூலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. சேதுக் காசுகளை யாழ்ப்பாண மன்னருக்கு உரியனவென நிலைநாட்டிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் 1920ஆம் ஆண்டுக் கட்டுரைகூட ஆங்கிலச் சஞ்சிகையிலேயே வெளிவந்தது. நிலத்தைக் கொத்தியவனுக்கு அந்நிலத்தின் வரலாறு எட்டாத மொழியில் இருந்தது. பின்னர் தமிழில் நூல்கள் வந்தன; அவையும் கல்லூரி மதிலைத் தாண்டியது குறைவு. அவனுடைய அறியாமை அவன் சோம்பலின் விளைவன்று. சமுதாயம் அவனுக்குப் பங்கிட்டுக் கொடுத்த வறுமையின் ஒரு கூறே. அவ்வறியாமையிலிருந்து இலாபம் பெறுதல், அவன் வறுமையிலிருந்து இலாபம் பெறுவதே.

சேகரிப்போர் பக்கத்திலும் நியாயமுண்டு. பல்லாண்டு கற்றுப் பெற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா? நாங்கள் வாங்காவிட்டால் இக்காசுகள் கன்னாரின் உலைக்குத்தானே போயிருக்கும்? இரண்டாவது கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தனியார் சேகரிப்புகள் இல்லாதிருந்தால் நாணயவியல் எனுந் துறையே இந்நாட்டில் தோன்றியிராது. ஆனால் காப்பாற்றுவதற்கு ஏமாற்றுவது அவசியமன்று. கற்றவனுக்குக் கூலி உரியதே. நியாயமான பங்கொன்றை அவன் எடுத்துக்கொள்ளலாம். கூலி என்பது பங்கு. முழுவதையும் எடுத்துக்கொள்வது கூலியாகாது. மேலும் அவ்வறிவும் தனியொருவன் படைத்ததன்று. நூதனசாலைகளும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் பொதுமக்களின் வரிப்பணத்தில் வளர்த்தது அது. பொதுச்செலவில் பெற்ற கண்ணைக் கொண்டு பொதுமக்களுள் ஒருவனையே குருடனாக நடத்துதல் எங்ஙனம் தகும்?

இதனிலும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. சேதுக் காசுகள் நெடுங்காலம் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என்றே கருதப்பட்டன. அக்கருத்து மாறியது எப்படி? ஆரியச்சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என வழங்கப்பட்டமையும், இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்த இடம் யாழ்ப்பாணம் என்பதுமே சான்றுகளாயின. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஓர் அரசின் பொருளாதார வரலாறு, காசு கிடைத்த இடத்தை ஒருவர் குறித்துவைத்தமையால் மீண்டது. இடம் அறியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது.

அறியாதவனிடம் மலிவாக வாங்குபவன் அந்த இடத்தை யாருக்கும் சொல்லமாட்டான்; சொன்னால் அடுத்த முறை விலை ஏறும். விற்றவனிடம் கேட்கவும் மாட்டான். கேட்டால் சந்தேகம் பிறக்கும். தென்னிலங்கையில் திசமகாராமைக்கு அருகேயுள்ள அக்குறுகொடையில் கிடைத்த, பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் பழந்தென்னிலங்கையின் வணிகத்தைப் பற்றிப் புதிய ஒளி தந்தவை. அவற்றுட் பல முறையான அகழ்வினூடாகவன்றித் தனியார் கைகளின் வழியே அறிஞரை அடைந்தன. எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடந்தன என்ற கேள்விகளுக்கு இனி விடை கிடைப்பதரிது. ஆகவே மறைப்பினால் ஏமாறுபவர் விற்பவர் மாத்திரமல்லர், முழுச் சமுதாயமுமேயாகும்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாமலும் நடந்தனர் எனப் பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. என் மாணவனின் தராசுக்கு விடை இங்கேயே இருக்கிறது. தராசு செம்பை நிறுத்தது; வாங்கியவரோ செம்பை வாங்கவில்லை, வரலாற்றை வாங்கினார். எந்த அளவையால் அளப்பது என்பதை அறிந்தவர் ஒருவரே தீர்மானித்து, அதை மற்றவரிடம் மறைத்தபோதே அநீதி முடிந்துவிட்டது. அதன்பின் தட்டு நேராக நின்றென்ன, சரிந்தென்ன?

அந்த ஐந்து காசுகளையும், கிணறு இருந்த இடம், கிடைத்த ஆழம் முதலிய குறிப்புகளையும் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்றேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, நிலத்திற் கிடைத்த தொல்பொருள் கண்டெடுத்தவனுக்கே சொந்தமாகிவிடுவதில்லை என்பதையும் விளக்கினேன். கிழவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ, வாத்தியார்?” என்றார்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. செம்பு விலையாவது கொடுத்தவனிலும் ஒன்றும் கொடாத நீதி எவ்வகையில் உயர்ந்தது? இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் கீழ், நூதனசாலை பெற விரும்பும் புதையலுக்குச் சந்தைப் பெறுமதியைச் சுதந்திரமான குழுவொன்று கணித்து, கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் வெகுமதி வழங்கச் செய்கிறார்கள். சட்டம் அச்சுறுத்துவதோடு நில்லாது, உண்மை சொன்னவனை நட்டமடையாமற் காக்கவும் வேண்டும். அவ்வுறுதி நம் கிராமங்களுக்கு எட்டும்வரை ஊருக்கு வரும் செம்பு வியாபாரிக்கே வெற்றி.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் பகுதியிற் கிடைக்கும் காசுகள் எவை, அவற்றிலுள்ள எழுத்து என்ன, கிடைத்தால் யாரிடம் அறிவிப்பது என்பவற்றை எளிய தமிழில் ஊர் வாசிகசாலைகளில் சொல்வோம். கிழவர் அன்று தம் பெயரை எழுத்துக்கூட்டிக் கையொப்பமிட்டார். ‘சேது’ என்னும் இரண்டு எழுத்தையும் அவரால் வாசிக்க முடிந்திருக்கும். அவற்றின் பொருளை அவருக்குச் சொல்லத்தான் நம்முள் எவரும் அதுவரை போகவில்லை.