மாற்று மூட்டும் வாழ்க்கைத் துணையும்

மனித உடலின் மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பாரத்தைத் தாங்குவது அதுவே. அந்த மூட்டு தேய்ந்துவிட்டால் மனிதனின் உலகம் கட்டிலளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தேய்ந்த மூட்டை நீக்கிவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட புதிய மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை, ஒரு காலத்தில் பெருநகரத்துச் செய்தியாக இருந்தது. இன்றோ விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும், "அவர்களுக்கு மூட்டு மாற்றியிருக்கிறார்கள்" என்ற பேச்சைச் சாதாரணமாகக் கேட்கிறோம்.

அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் கால் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்கள் மருத்துவமனையில் கழிவதில்லை, வீட்டில் கழிகின்றன. அப்படியானால் அந்தச் சிகிச்சையில் பாதியைச் செய்பவர் யார்? இந்த மூட்டின் வரலாற்றைப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

யானைத் தந்தத்தில் தொடங்கிய முயற்சி

1890-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக் என்னும் அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்கால் ஒன்றில் யானைத் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். கதவுக் கீல் போன்ற அமைப்பு அது. தொடக்கத்தில் நன்றாகவே இயங்கிற்று. ஆனால் நோய்க் கிருமிகள் உள்ளேயே இருந்தமையால் முயற்சி தோற்றது. கிருமித் தொற்று என்னும் அந்தப் பகைவன் இன்றும் முற்றாக ஒழியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

1950-களில் சுவீடன் நாட்டு வால்டியுசும் இங்கிலாந்து நாட்டு ஷியர்சும் மீண்டும் கீல் மூட்டுகளைச் செய்தனர். சில ஆண்டுகளில் அவையும் ஆட்டங்கண்டன. காரணம் எளியது. முழங்கால் வெறும் கீல் அன்று. காலை மடக்கும்போது தொடை எலும்பின் முனை உருள்கிறது, வழுக்குகிறது, சற்றே திருகவும் செய்கிறது. கீலோ ஓர் அச்சில் மட்டுமே சுழலும். திருகும் விசை போக வழியின்றி, எலும்பும் உலோகமும் சேரும் இடத்தைத் தாக்கித் தளர்த்திவிடும்.

வழி பிறந்தது இடுப்பு மூட்டிலிருந்து. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, முதலில் டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கால் இடுப்புக் குழி செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயிற்று. 1962-இல் அவர் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனுக்கு மாறினார். அவரிடம் பணியாற்ற வந்த கனடா நாட்டு மருத்துவர் ஃபிராங்க் கன்ஸ்டன், அதே உலோக–பிளாஸ்டிக் இணையை 1968-இல் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். அதில் கீல் இல்லை. எலும்பு உருளவும் வழுக்கவும் இடம் இருந்தது.

1974-இல் நியூயார்க் நகரில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்தரஞ்சன் ரணாவத் ஆகியோர் மூட்டின் எல்லா உராயும் பரப்புகளையும் மாற்றும் முழு மூட்டை உருவாக்கினர். இன்றைய செயற்கை மூட்டுகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. ரணாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை.

பீங்கான் ஊரான விருத்தாசலத்தின் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சிர்க்கோனியம் உலோகக் கலவையைக் காற்றில் 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கினால், அதன் மேற்பரப்பு மட்டும் கருநிறப் பீங்கானாக மாறிவிடுகிறது. இந்தப் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு. உள்ளே உலோகத்தின் உறுதி, வெளியே பீங்கானின் வழவழப்பு. இத்தகைய முழங்கால் மூட்டுகளும் இன்று பொருத்தப்படுகின்றன. சூளையில் நிகழும் வேதியியலுக்கு அறுவை அரங்கிலும் இடமுண்டு!

பிரதமரின் மூட்டும் நம் மூட்டும்

2000 அக்டோபரில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. நியூயார்க்கிலிருந்து வந்து அறுவை செய்தவர் மேற்கண்ட ரணாவத்தே. 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டது. இந்தச் சிகிச்சையின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது அப்போதுதான்.

தெரிந்தென்ன, விலை எட்டவில்லை. 2017 ஆகஸ்டில் மைய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை விதித்தது. சராசரியாக ரூ.1,58,324 என விற்ற கோபால்ட்–குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக ரூ.54,720 ஆயிற்று. தமிழகத்தில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. மூட்டு கிராமத்துக்கு வந்து சேர்ந்த வழி இதுவே.

படுக்கையிலிருந்து வீட்டுக்கு

மூட்டின் வரலாற்றைப் போலவே, அறுவைக்குப் பிந்திய ஓய்வுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலத்தில் நோயாளியை அசையாது படுக்க வைத்தனர். மருத்துவமனை வாசம் வாரக்கணக்கில் நீளும். ஓய்வுதான் மருந்து என்பது அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு எதிரான காரணம் உண்மையில் 1856-லேயே கிடைத்துவிட்டது. இரத்தம் நாளத்தில் உறைவதற்கு அதன் ஓட்டம் மந்தமாவதும் ஒரு காரணம் என்று ஜெர்மன் அறிஞர் ஃபிர்கோ காட்டியிருந்தார். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலருகே சிரைகளின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது இதயம் வரையிலான இரத்தத் தம்பத்தின் பாரம். நடக்கத் தொடங்கியதும் அது 30-க்கும் கீழே இறங்குகிறது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி, இரத்தத்தைப் பம்பு போல மேலே தள்ளுவதே காரணம். அறுவை முடிந்தவரைப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது இந்தப் பம்பை ஓட்டுவதற்காகத்தான்.

1970-இல் கனடாவின் ராபர்ட் சால்ட்டர், மூட்டுக்கு ஓய்வைவிட இயக்கமே நல்லது என்ற கருத்தை முன்வைத்தார். காலை இடைவிடாமல் மடக்கி நீட்டும் இயந்திரம் அதிலிருந்து வந்தது. பல மருத்துவமனைகளில் அறுவை முடிந்த காலை இந்த இயந்திரத்தில் கட்டி வைத்தனர். பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முழங்கால் மாற்றியவர்களுக்கு அதனால் கிடைத்த நன்மை மிகச் சிறிது என்று தெரிந்தது. இயந்திரம் காலை அசைத்தால் தசை வேலை செய்வதில்லை. நோயாளி தானே அசைத்தால்தான் தசை வலுப்பெறும்.

1990-களில் டென்மார்க்கின் ஹென்றிக் கேலட், வலியை நன்கு அடக்கி, விரைவில் எழுப்பி நடக்கவைக்கும் முறையை வளர்த்தார். அந்நாட்டில் இடுப்பு, முழங்கால் மாற்றியவர்கள் 2000-இல் மருத்துவமனையில் 10, 11 நாள் தங்கினர். 2009-இல் அது 4 நாளாகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்த அந்த ஏழு நாட்களின் வேலை மறைந்துவிடவில்லை. செவிலியரின் கையிலிருந்து அது வீட்டாரின் கைக்கு, பெரும்பாலும் கணவன் அல்லது மனைவியின் கைக்கு, மாறிவிட்டது. அவருக்கோ யாரும் பயிற்சி தந்ததில்லை.

அன்பு வைக்கும் தலையணை

பயிற்சியில்லாத அன்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "என்னங்க, கால் வலிக்குது, முட்டிக்குக் கீழே தலையணை வையுங்க" என்பார் மனைவி. கணவர் ஓடிப்போய் வைப்பார். முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் வலி குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்படியே நாள்கள் கழிந்தால் பின்புறத் திசுக்கள் சுருங்கிக் கால் முழுதாக நீளாமல் போகும்.

நீளாத காலால் என்ன கெடுதி? அமெரிக்காவின் ஜாக்குலின் பெர்ரி 1975-இல் இதை அளந்து காட்டினார். கால் நேராக இருந்தால் பாரம் எலும்பின் வழியே தரைக்கு இறங்கிவிடும். தொடைத் தசைக்கு அதிக வேலையில்லை. கால் 15 பாகை மடங்கியிருந்தால், மேலிருந்து வரும் பாரத்தில் 75 சதவீத விசையைத் தொடைத் தசை தரவேண்டும். 30 பாகையில் 210 சதவீதம். 60 பாகையில் 410 சதவீதம். 40 கிலோ பாரம் இறங்குவதாகக் கொண்டால், 30 பாகையில் தசை 84 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். சும்மா நிற்பதே உழைப்பாகிவிடும்!

ஆகவே மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, தலையணையை முட்டிக்கு அடியில் வைக்கக்கூடாது. குதிகாலுக்கு அடியில் வைத்தால் காலின் எடையே முட்டியை நேராக்கிக் கொடுக்கும். புவியீர்ப்பே இங்கு செலவில்லாத உதவியாளர்.

படியும் நாற்காலியும்

பெர்லினில் பெர்க்மன் குழுவினர் விசையளக்கும் கருவியைச் செயற்கை மூட்டுக்குள்ளேயே வைத்து, ஐந்து நோயாளிகளிடம் அளந்து, 2010-இல் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுபவை. சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் உச்ச விசை உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. இருக்கையிலிருந்து எழும்போது ஏறத்தாழ 2.5 மடங்கு. படியேறும்போது 3.2, இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் படியிறங்கும்போது மூட்டின் மேல் 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசை!

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்ற விதி இதனால்தான். ஏறுகையில் முதலில் வைக்கும் கால்தான் உடலைத் தூக்குகிறது. இறங்குகையில் மேற்படியில் நிற்கும் கால்தான் மடங்கி உடலை இறக்குகிறது. இரண்டிலும் வேலை நல்ல காலுக்குப் போகட்டும். துணையிருப்பவர் எப்போதும் ஒரு படி கீழே நிற்கவேண்டும்.

இருக்கை தாழ்வாக இருந்தால், எழும்போது முட்டி மிகுதியாக மடங்கவேண்டியிருக்கும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலைவிடக் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி நல்லது. கைகளை ஊன்றி எழுந்தால் பாரத்தில் ஒரு பங்கு கைகளுக்குப் போய்விடும். கழிப்பறையிலும் உயர்ந்த இருக்கையும் கைப்பிடியும் வேண்டும். இவற்றை அறுவைக்கு முன்பே செய்து முடிப்பது கணவரின் முதல் கடமை எனலாம்.

கணவரின் கடமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, மூட்டுத் தேய்மான நோயுள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். நம் வீடுகளிலோ கணவர் நோயுற்றால் மனைவி கவனிப்பார். மனைவி நோயுற்றால் மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லியனுப்புவார்கள். வரமுடியாவிட்டால், அறுவை செய்த காலோடு அவரே அடுப்படிக்குப் போய்விடுவார். ஒருநாள் சமையலால் மூட்டு உடைந்துவிடாதுதான். ஆனால் பயிற்சிக்கான நேரம் வேலையில் கரைந்துவிடும். முதல் சில வாரங்களில் தவறவிட்ட மடக்கலையும் நீட்டலையும் பிறகு மீட்பது எளிதன்று.

கணவர் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. மாத்திரையையும் பயிற்சியையும் நேரம் குறித்து நினைவூட்டலாம். வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். எத்தனை பாகை மடங்கியது என்று வாரந்தோறும் ஒரு தாளில் குறித்து வரலாம். அதட்டினால் பயன் இல்லை. கூடவே அமர்ந்து எண்ணினால் பயன் உண்டு. காயத்தில் நீர் கசிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காதீர்கள். குளூக்கைத் தோற்கடித்த கிருமித் தொற்றாக அது இருக்கலாம். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், அல்லது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

தந்தத்திலிருந்து பாலிஎத்திலீனுக்கு வந்து சேர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. மூட்டைச் செய்யும் கலை அத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கிறது. கடைசியாக அது வந்து சேரும் கை உங்களுடையது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு முன்பாகவே ஒருநாள் துணைவரும் உடன் சென்று, இயன்முறைச் சிகிச்சையாளரிடம் பயிற்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.