சர்க்கரையில் ஓர் இலைச் சாப்பாடு

மணிவிழாவுக்கு கேக் சொல்ல வருபவர்கள் இப்போதெல்லாம் ரோஜாப்பூ வேண்டாம், இலைச் சாப்பாடு வைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். கேக்கின் தலையில் உள்ளங்கை அகல வாழையிலை. அதில் சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், வடை, ஓரத்தில் ஒரு துளி ஊறுகாய். எல்லாமே ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவு. மாவை ஓமப்பொடி அச்சில் பிழிந்து, சற்றுக் காயவிட்டுப் பொடியாக நறுக்கினால் சோறு. தாள் கனத்துக்குத் தேய்த்து, கசக்கிய அலுமினியத் தாளின் மேல் காயப்போட்டால் அப்பளத்தின் மேடும் பள்ளமும் வந்துவிடும். வடையின் மொறுமொறுப்புக்குப் பல்குச்சியால் மேல்பக்கத்தைக் கிளறிவிட்டு, பழுப்பு நிறப் பொடியை உலர்ந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும்.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்கள், யூடியூப் வந்த பிறகு பிறந்த வேலை இது என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் நாசிர் குஸ்ரோ. பாரசீகப் பயணியான இவர் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெய்ரோவில் இருந்தார். பாத்திமிய கலீபாவின் பெருநாள் விருந்து மண்டபத்தில், கிளை, இலை, பழம் என்று முழுவதும் சர்க்கரையால் செய்த ஓர் ஆரஞ்சு மரத்தைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஆக, சர்க்கரையைச் சர்க்கரையாகக் காட்டாமல் இன்னொரு தின்பண்டமாகக் காட்டும் ஆசைக்கு ஆயிரம் வயதாகப் போகிறது.

ஆசை இருந்தால் போதாது, மாவு கைக்கு வளைய வேண்டும். பொடித்த சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதைக் கட்டிப் பிடித்தது டிராககாந்த் என்ற பிசின். ஈரான், துருக்கி மலைப்பகுதிகளில் வளரும் முள்செடியைக் கீறிவிட்டால் ரிப்பன் ரிப்பனாக வடிந்து காய்கிற பிசின் அது. ஐரோப்பாவில் அது மருந்து விற்பவரின் சரக்கு. சர்க்கரையும் அவரிடம்தான் கிடைத்தது. தொண்டை வலிக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் வில்லைகளை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பிடித்தார். அதே மாவை வில்லையாகத் தட்டாமல் தட்டாகத் தேய்த்தால் விருந்துக் கலை. நம் கேக் மேல் இருக்கும் வடைக்கு மூத்தவர் மாத்திரை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1555-இல் வெனிஸில் ஒரு நூல் அச்சானது. அலெசியோ பியெமொந்தேசே என்ற பெயரில் வந்தது. எழுதியவர் ஜிரோலாமோ ருஷெல்லி என்று கருதுகிறார்கள். மருந்து, சாயம், வாசனைத் திரவியம் என்று பல ரகசியங்களுக்கு நடுவே சர்க்கரை மாவுக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. பிசினைப் பன்னீரில் ஊறவை, எலுமிச்சைச் சாறும் முட்டை வெள்ளையும் சேர், உரலில் இடித்துக்கொண்டே வெள்ளைச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்கிறது. அந்த மாவில் தட்டும் கிண்ணமும் கோப்பையும் செய்து பந்தியில் வைக்கலாம். சூடான எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் உடைத்துத் தின்றுவிடலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக் சென்னைக் காற்றில் வியர்த்து, ஃபாண்டன்ட் இலை பிசுபிசுக்கும்போதெல்லாம் அந்தச் சூட்டு எச்சரிக்கையை நினைத்துக்கொள்கிறேன்.

1574 ஜூலையில் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி வெனிஸுக்கு வந்தார். கப்பல் கட்டும் தளமான ஆர்சனலில் அவருக்குச் சிற்றுண்டி. மேசையில் கைத்துண்டு, தட்டு, கத்தி, ரொட்டி எல்லாம் இருந்தன. மன்னர் கைத்துண்டை எடுத்தார். அது கையிலேயே உடைந்தது. மேசையில் இருந்த அத்தனையும் சர்க்கரை! ஒரு நாட்டு மன்னரை ஏமாற்றி மகிழ்விக்கும் அளவுக்குத் துணியின் மடிப்பைச் சர்க்கரையில் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் வாழையிலையின் நரம்புக்கே பாதி நாள் உட்காருகிறேன். அந்த மடிப்பைச் செய்த விரல்களை எண்ணிக் கும்பிடத் தோன்றுகிறது.

அரண்மனையிலிருந்து வீட்டுக்குள் இந்த வேலை வந்த வழியைக் காட்டுவது லண்டன்காரர் ஹியூ பிளாட்டின் சிறு நூல். 1602-இல் வெளிவந்தது, பெண் வாசகர்களுக்காகவே எழுதப்பட்டது. முயலையும் புறாவையும் சர்க்கரை மாவில் வார்க்கச் சொல்லித் தருகிறார். உடைத்தால் உள்ளே பிஸ்கட்டும் சோம்பு மாதிரியான இனிப்பும் இருக்கும் அக்ரூட் கொட்டை ஒன்று அதே காலத்து ஆங்கில நூல்களில் உண்டு. அந்த நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல்களில் பன்றிக் கொழுப்புத் துண்டும் வருகிறது. சிவப்பு மாவு, வெள்ளை மாவு என்று அடுக்கடுக்காக வைத்து அழுத்தி, குறுக்கே அறுத்தால் கொழுப்புக் கோடு ஓடிய இறைச்சி! பிரியாணி கேக்குக்கு மட்டன் துண்டு செய்ய நான் கையாளும் முறையும் இதேதான்.

சிசிலித் தீவின் பலெர்மோ பக்கம் இதே வேலையைப் பாதாம் மாவில் செய்கிறார்கள். மார்த்தொரானா மடத்துக் கன்னியர் பெயரால் வழங்கும் அந்தப் பழங்களை, இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். கன்றிய பேரிக்காயின் கறுப்புப் புள்ளியைக்கூட விடாமல் வரைந்திருப்பார்கள்.

மன்னர் மேசையில் இருந்த சர்க்கரை எல்லோர் வீட்டுக்கும் வந்ததற்குக் காரணம் சமையல் நூல்கள் மட்டும் இல்லை. பிரேசிலிலும் கரீபியத் தீவுகளிலும் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் புறப்பட்டது நம் சென்னையிலிருந்து. அதில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் இருந்தார்கள். விலை சரிந்தது அவர்கள் முதுகின் மேல். கேக் அலங்காரம் பற்றிய புத்தகங்கள் இதை விட்டுவிடுகின்றன. நான் வகுப்பில் விடுவதில்லை.

டிராககாந்தின் இடத்தில் இன்று சிஎம்சி பொடி இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்தால் மாவு இறுகுகிறது, விலையும் குறைவு. அதில் எனக்குக் குறையில்லை. பன்னீரும் எலுமிச்சையும் போனதில்தான் குறை. டப்பாவில் வரும் ஃபாண்டன்டில் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கொழுப்பு, கொஞ்சம் வெனிலா. அதனால்தான் வடையையும் அப்பளத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிடுகிறார்கள். சிலர் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். தின்னாமல் விட்டால் அது களிமண் பொம்மையாகிவிடும். வெனிஸ் குறிப்பில் கடைசி வேலையே உடைத்துத் தின்பதுதான்.

ஆகவே என் மாவில் பன்னீரும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கிறேன், கேசரி கிண்ணத்துக்கு ஏலக்காய்ப் பொடியும். ஈரம் கூடுவதால் ஐசிங் சர்க்கரை சற்று அதிகம் பிடிக்கும், காய ஒரு ராத்திரி கூட ஆகும். நிறம் பூசுவதற்கு முன் ஒரு வடையை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். வெறும் தித்திப்பு மட்டும் நாக்கில் நின்றால் அந்த உருண்டையை மறுபடி பிசைய வேண்டும்.