தாதியர் கலையும் மருந்தூட்டும் நெறியும்

மருத்துவ வரலாற்றை எழுதப்புகுந்தோர் பெரும்பாலும் வைத்தியர்களின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையுமே நிரல்படக் கூறிச் சென்றனர். அம்மருந்து எவர் கையால் நோயாளியைச் சென்றடைந்தது என்பதை அவர்கள் அதிகம் ஆராய்ந்திலர். நம் முன்னோர் அவ்வாறு மறந்தாரல்லர். சரக சங்கிதை மருத்துவத்தை நான்கு கால்களின்மீது நிறுத்தியது. வைத்தியன், மருந்து, நோயாளி என்பவற்றோடு பணிசெய்பவனையும் ஒரு காலாக எண்ணி, பணிமுறை அறிதல், திறமை, அன்பு, தூய்மை என அவனுக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தது. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவனுக்கு உழைச்செல்வான் எனப் பெயரிட்டு, ஏனையவற்றோடு ஒப்ப வைத்தார். மருந்தினைப் பிழை நேராவண்ணம் செய்பவனே அவன் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. இப்பிழையின்மை நல்லெண்ணத்தால் மட்டும் கைகூடுவதன்று. எழுத்தறிவும் பயிற்சியும் ஒழுங்கான பதிவும் சேர்ந்தே அதனை ஆக்கின என்பதை வரலாறு காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலே நோயாளரைப் பார்த்த பெண்களுட் பலர் எழுத்தறிவும் பயிற்சியும் இல்லாதவர். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் 1843–44 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நாவலொன்றிலே, மதுவருந்தி மயங்கும் சேரி காம்ப் என்னும் தாதியைப் படைத்து அந்நிலையை எள்ளி நகையாடினார். அக்காலத்திலேதான் மருந்துகளும் வலிமை பெறலாயின. அபினிலிருந்து மோர்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. 1853 இல் எடின்பரோ நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் வூட் தோலின்கீழ் மருந்தேற்றும் ஊசியைக் கையாண்டார். கஷாயத்திலே ஒரு கரண்டி கூடினால் பெருந்தீங்கு நேராதிருக்கலாம். ஆனால் 65 மில்லிகிராம் அளவினதான ஒரு கிறெயின் மோர்பீன் கூடுமாயின் உயிருக்கே இறுதி நேரலாம். மருந்து வலிமை பெறுந்தோறும் அதனைக் கொடுக்கும் கையும் அறிவு பெறவேண்டியதாயிற்று.

பெயர்ச்சீட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியது 1858 இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் நிகழ்ந்த துயரம். இனிப்புப் பண்டத்திற் சர்க்கரைக்குப் பதிலாகக் கலக்கும் மலிவான தூளை வாங்கச் சென்றவருக்கு, மருந்துக் கடையின் உதவியாளன் பெயர் தெளிவாக எழுதப்படாத பீப்பாவிலிருந்து வெள்ளைப் பாஷாணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டான். இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறக்குறைய இருபதுபேர் இறந்தனர். அவன் கொடியவனல்லன், அவனுக்குத் தெரியவேண்டியது தெரியவில்லை, அவ்வளவே. நஞ்சை விற்போர் அதன் பெயரையும், நஞ்சு என்னும் எச்சரிக்கையையும், தம் பெயர் முகவரியையும் கலத்தின்மேற் பொறிக்கவேண்டுமென 1868 இல் இயற்றப்பட்ட மருந்தகச் சட்டம் விதித்தது.

தாதியர் பணியை ஒரு கலையாக உயர்த்தியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிறிமியப் போரின்போது, 1854 நவம்பர் 4 ஆம் நாள், 38 தாதியரோடு அவர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியை அடைந்தார். 1855 பெப்ரவரியில் அங்கு இறப்பு நூற்றுக்கு 42 வரை உயர்ந்திருந்தது. மார்ச்சு மாதம் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்தினர். சில மாதங்களுள் இறப்பு நூற்றுக்கு 2 அளவிற்குக் குறைந்தது. அன்பான பணிவிடை மட்டும் அவ்வுயிர்களைக் காத்ததில்லை என்பதைப் பின்னர்ப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து அம்மையாரே உணர்ந்தார். எண்ணிப் பார்த்து எழுதிவைத்தலே உண்மையைக் காட்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே பெற்றார்.

அப்பாடத்தின் பயனாக 1860 இல் இலண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியிலே தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அங்கு பயில்வோர் கற்கவேண்டியவை வரிசையாக வகுக்கப்பட்டன. புண்ணுக்குக் கட்டுதல், எழமாட்டாத நோயாளியைப் புரட்டிப் படுக்கைப்புண் வராமற் காத்தல், படுக்கை விரித்தல், கஞ்சி காய்ச்சுதல் என்பன அவற்றுட் சில. நாடி, மூச்சு, தோல், உறக்கம், பசி என்பவற்றை நோக்குதலும், உணவும் மருந்தும் நோயாளியிடத்து விளைக்கும் பயனைக் கண்டு கூறுதலும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. ஈற்றிற் கூறப்பட்டது பெரிதும் நோக்கத்தக்கது. மருந்தை வாயில் ஊற்றியவுடன் தாதியின் கடமை முடிவதில்லை. அதன் விளைவைக் காணும்வரை அது தொடர்கின்றது.

இவ்வடிப்படையில் வளர்ந்த மருந்தூட்டும் நெறி பார்வைக்கு மிக எளியது. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை என்னும் ஐந்தும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படவேண்டும். போத்தலை அலுமாரியிலிருந்து எடுக்கும்போதும், மருந்தை அளக்கும்போதும், மீளவைக்கும்போதும் என மும்முறை சீட்டினை வாசித்தல் வேண்டும். "நீர்தாமா கந்தையா?" என வினவினால், அரைத்தூக்கத்திலிருக்கும் வேறொருவரும் "ஆம்" என்று கூறிவிடலாம். ஆதலால் "உமது பெயர் என்ன?" என்றே கேட்டல் வேண்டும். அரை மில்லிகிராமைக் குறிக்கும்போது புள்ளிக்கு முன் பூச்சியம் இட்டு 0.5 என எழுதவேண்டும். பூச்சியம் விடுபட்டுப் புள்ளியும் மங்கினால் மருந்து பத்து மடங்காகிவிடும். கொடுத்த பின்னரே பதிவேட்டில் எழுதவேண்டும். கொடுக்குமுன் எழுதுதல் தவறு.

மருந்தூட்டலும் நோயாளர் பராமரிப்பும் வேறு வேறல்ல என்பதற்கு இரு சான்றுகள் போதும். 1785 இல் வில்லியம் விதரிங் ஆராய்ந்து வெளியிட்ட டிஜிற்றாலிஸ் இதய நோய்க்கு உதவுவது. ஆயினும் நாடியைத் தளர்த்த வல்லது. வளர்ந்தோரின் நாடி நிமிடத்துக்கு 60 இற்குக் குறைந்திருப்பின் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவித்தல் தாதியர் பயிலும் வழக்கமாயிற்று. 1922 முதல் நீரிழிவு நோயாளருக்கு வழங்கப்பட்ட இன்சுலினும் அத்தகையதே. ஊசியைக் குறித்த நேரத்தில் ஏற்றிவிட்டு, உணவு வந்ததா என்று பாராதிருந்தால் நோயாளி மயங்கி விழ நேரிடும்.

இத்தனை விதிகள் இருந்தும் பிழைகள் ஒழிந்தில. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கையொன்று, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் நேரும் மருத்துவப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக 1999 இல் மதிப்பிட்டது. தனியொருவரைத் தண்டிப்பதினும், பிழை நேராவண்ணம் முறைகளைத் திருத்துவதே தக்கதென அது வற்புறுத்தியது. 2017 இல் உலக சுகாதார நிறுவனமும், தவிர்க்கத்தக்க கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டில் அரைவாசியாகக் குறைக்கும் முயற்சியைத் தொடக்கிவைத்தது. பிழையை மறைப்பவரினும் உடனே அறிவிப்பவரே நோயாளியைக் காப்பவர் என்னும் எண்ணம் இன்று வலுப்பெற்று வருகின்றது.

ஆஸ்பத்திரியில் தாதி செவ்வனே கொடுத்த மருந்தை, வீடு திரும்பிய நோயாளி தானே உட்கொள்ளவேண்டியவனாகின்றான். அவன் வாசித்தறியும் மொழியிலே விதிகள் அமைந்தாலன்றி ஆஸ்பத்திரியின் கவனமெல்லாம் வாயிலோடு நின்றுவிடும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மக்கள் மொழியின் இன்றியமையாமையை நன்குணர்ந்தவர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆயினும் ஆங்கிலச் சீட்டொட்டிய மருந்துகளும் நம் வீடுகளில் இல்லாமலில்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் பாட்டியார்க்கு வாசித்துக் காட்டி, வேளையும் அளவும் சொல்லிக்கொடுக்கும் மாணவன் அவ்வேளையில் வள்ளுவர் கூறிய உழைச்செல்வானே ஆகின்றான். ஐயம் தோன்றுமிடத்து ஊகித்துச் சொல்லாது, கேட்டறிந்து சொல்லுதல் அவனுக்கும் கடனாகும்.