சொற்குருடு: மருத்துவப் பதிவுகளின் வரலாறு

கண்பார்வை, பேச்சு, அறிவு எல்லாம் சரியாக இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கவோ பிழையின்றி எழுதவோ வராத நிலையை மருத்துவர்கள் முதலில் சொற்குருடு என்றும் பின்னர் டிஸ்லெக்சியா என்றும் பதிவு செய்தனர். இன்றைய இந்தியச் சட்டம் இதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறது.

தலையில் கல் பட்டு எழுத்துகளை மட்டும் மறந்த ஒருவரைப் பற்றி, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். முறையான பதிவுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகின்றன. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மவுல் சொற்குருட்டைத் தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார். 1887இல் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் டிஸ்லெக்சியா என்ற பெயரில் தம் நோயாளிகளைப் பற்றி நூல் எழுதினார். 1892இல் பாரிஸ் மருத்துவர் டெஜெரின் விவரித்த நோயாளி, பக்கவாதத்துக்குப் பின் பிறர் சொல்லச்சொல்ல எழுதுவார். எழுதியதைத் திரும்பப் படிக்க அவரால் முடியாது. இந்த நோயாளிகள் அனைவரும் நன்றாகப் படித்து, பிறகு அந்தத் திறனை இழந்த பெரியவர்கள்.

பிறவியிலேயே அமைந்த குறைபாட்டின் முதல் விரிவான பதிவு 1896 நவம்பர் 7 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எழுதியவர் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதி மருத்துவர் பிரிங்கிள் மார்கன். அவர் விவரித்த சிறுவன் பெர்சிக்கு வயது 14. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன், 749ஐ 867ஆல் சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியில் இவன்தான் முதல் என்று அவன் ஆசிரியர் சொல்லியிருந்தார். ஏழு வயது முதல் அவனுக்குத் தொடர்ந்து பாடம் சொல்லித்தரப்பட்டது என்ற தகவல்தான், என் கணிப்பில், மார்கனின் சிறு கட்டுரைக்கு அச்சாணி. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் இப்படி ஆனான் என்று யாரும் சொல்ல வழியில்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதே குறை இருந்திருந்தால் அது மருத்துவரின் ஏட்டுக்கே வந்திருக்காது. கிளாஸ்கோ கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் 1917இல் வெளியிட்ட நூல் பெர்சியைப் போன்ற பிள்ளைகளின் பதிவுகளைத் தொகுத்தது.

இந்தியாவில் ஆய்வாளர் பிரதிபா கரந்த் 1981இல், கன்னடமும் ஆங்கிலமும் படித்த ஒருவர் வாசிப்புத் திறனை இழந்ததை ஆராய்ந்து வெளியிட்டார். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொடங்கியது 1991இல். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியரே முதல் சோதனை செய்ய வேண்டும் என்றது 2018இன் வழிகாட்டுதல். எட்டு வயது முதல் சான்றிதழ் தரலாம், 14, 18 வயதுகளில் மீண்டும் பெற வேண்டும் என்றும் அது வகுத்தது.

சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் ஆசிரியர் செய்யும் அந்த முதல் சோதனையே சிக்கலானது. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே ஆண்டில் பள்ளியும் மாறி, பாடமொழியும் மாறித் தவிக்கிறார்கள். அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. பள்ளிக்குப் போகாததாலோ மொழி தெரியாததாலோ வரும் தடுமாற்றம் கற்றல் குறைபாடு ஆகாது. ஒடியா பேசும் பிள்ளைக்குத் தமிழில் சோதனை வைத்தால், அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லை என்பது மட்டுமே தெரியவரும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. சிறு வயதில் உடலில் ஈயம் அதிகம் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் வாசிப்புக் குறைபாடு கூடுதலாக இருந்ததை அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் 1990இல் காட்டினார். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பிள்ளைகளைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம்; கவலைக்குரிய அளவென்று அமெரிக்காவில் அன்று வைத்திருந்த வரம்பு 10. ஈயத்தால் வரும் இந்தக் குறை, பெர்சிக்கு இருந்த பிறவிக் குறை அல்ல. ஆனால் வகுப்பறையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சான்றிதழுக்கான படிகளில் கண், காது, நுண்ணறிவு, வாசிப்பு ஆகிய சோதனைகள் இருக்கின்றன. ரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை இல்லை.