முதல் வில் எத்தனை பவுண்ட்?

முதல் வில் வாங்கப் போறவங்க கேட்கிற கேள்வி: "எத்தனை பவுண்ட்?" நாணை முழுசா இழுக்கத் தேவைப்படும் விசை அது. கண்ணு பெரிய எண்ணுக்குத்தான் போகும். எங்க ஆபீஸ்ல லேப்டாப் வாங்கும்போதும் இதே வியாதிதான்.

எனக்குப் பிடிச்ச பதில் இங்கிலாந்துல இருக்கு. 1541-ல் எட்டாம் ஹென்றி போட்ட சட்டப்படி, 7 முதல் 17 வயசு வரையுள்ள பையனுக்கு அப்பா ஒரு வில்லும் இரண்டு அம்பும் வாங்கித் தரணும். அதுக்கு முந்தின தலைமுறையில் வளர்ந்தவர் ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார். 1549-ல் அரசர் ஆறாம் எட்வர்டு முன்னால் செய்த பிரசங்கத்தில் தன் அப்பாவை நினைவுகூர்கிறார். சொந்த நிலம் இல்லாத விவசாயி அவர். ஆனாலும் மகனின் வயசுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லைத்தான் வாங்கினார். பையன் வளர வளர வில்லும் பெரிசாச்சு. வெறும் கையால இழுக்காம, உடம்பு முழுக்கக் கொடுத்து இழுக்கப் பழக்கினார்.

1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைச்சுது. பலவற்றுக்கு 100 பவுண்டுக்கு மேல விசை வேணும்னு கணக்கிடுறாங்க. அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. அது பல வருஷப் பழக்கத்தோட கடைசிப் படி.

இன்னிக்கு ஒவ்வொரு படிக்கும் புது வில் வேண்டாம். டேக்-டவுன் ரிகர்வ்ல நடுவுல பிடிக்கிற ரைசர் அப்படியே இருக்கும், வளையுற லிம்ப்களை மட்டும் மாத்தலாம். பெரியவங்க 20 பவுண்ட் பக்கத்துல தொடங்கலாம். பலத்துக்கு மீறினா தோள் தூக்கிக்கும், குறி பார்க்கவே நேரம் கிடைக்காது. வாங்குறதுக்கு முன்னாடி, லிம்ப் வாடகைக்குக் கிடைக்குமான்னு பயிற்சி மையத்துல கேட்டுடுங்க.