மருத்துவர் கதையும் பெண்களின் வரலாறும்

ஒரு நூல் போதிய சான்றின்றிச் சொன்ன செய்தி, பத்து நூல்களில் மேற்கோளாக ஏறியபின் தானே சான்றாகிவிடுகிறது. இலக்கிய வரலாற்றில் பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிதன்று. புலவர்களின் பிறப்பும் காலமும் பற்றிய கதைகள் பல இவ்வாறு நிலைபெற்றவையே. அண்மைக் கால மேலைநாட்டு வரலாற்றெழுத்திலும் இத்தகைய கதை ஒன்றுண்டு. அது வைப்ரேட்டர் என்னும் அதிர்வுக் கருவியின் தோற்றம் பற்றியது. அதன் வழியே பெண்களின் பாலின்பம் பற்றியது. வாய்விட்டுப் பேசத் தயங்கும் பொருள் என்பதும் அது சரிபார்க்கப்படாமல் நெடுங்காலம் உலவியதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

கதை இதுதான். விக்டோரியா காலத்து மருத்துவர்கள் பெண்களின் மனக்கலக்கம், தூக்கமின்மை, எரிச்சல் அனைத்தையும் ஹிஸ்டீரியா என்ற ஒரே நோயில் அடக்கினர். அதற்குச் சிகிச்சையாக நோயாளியின் அந்தரங்க உறுப்பைக் கையால் நீவி, அவளை உச்சநிலை எய்தச் செய்தனர். நாள் முழுதும் இதைச் செய்து கை சோர்ந்துபோகவே, வேலையை விரைந்து முடிக்க மின்சார அதிர்வுக் கருவியைக் கண்டுபிடித்தனர். நடப்பது பாலின்பம் என்று மருத்துவருக்கும் தோன்றவில்லை, சமூகமும் அப்படி எண்ணவில்லை.

இக்கதைக்கு அறிவுலக மதிப்பைத் தந்தவர் அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரேச்சல் மெய்ன்ஸ். பெண்களின் ஊசிவேலைப்பாடுகளின் வரலாற்றை ஆராயும் பொருட்டு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பெண்கள் இதழ்களைப் புரட்டிய அவர், அவற்றில் அதிர்வுக் கருவிகளுக்கான விளம்பரங்கள் நிறைந்திருக்கக் கண்டார். அவற்றின் பொருளைத் தேடிப் போன அவரது ஆய்வு, 'உச்சநிலையின் தொழில்நுட்பம்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் பரிசும் பெற்றது. 2009-இல் சாரா ரூலின் நாடகம் ஒன்றும் 2011-இல் 'ஹிஸ்டீரியா' என்னும் திரைப்படமும் இக்கதையை அரங்கிலும் திரையிலும் ஏற்றின. இதழ்களும் பாடநூல்களும் அதைத் தயக்கமின்றி எடுத்தாண்டன.

மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் பின்னரே வந்தனர். பண்டைக் கிரேக்க, இலத்தீன் மருத்துவ நூல்களில் தோய்ந்த ஹெலன் கிங், அந்நூல்களை மெய்ன்ஸ் படித்த முறை பொருந்தாது என்று 2011-இல் எழுதினார். 2018-இல் ஹாலி லீபர்மன், எரிக் ஷாட்ஸ்பெர்க் இருவரும் மெய்ன்ஸின் மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டனர். மருத்துவர்கள் அதிர்வுக் கருவி கொண்டு பெண்களை உச்சநிலை எய்தச் செய்தனர் என்பதை உறுதிப்படுத்தும் ஒரு மூலமும் அவற்றில் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. தாம் முன்வைத்தது ஒரு கருதுகோள் மட்டுமே என்பது மெய்ன்ஸின் மறுமொழி. கருதுகோள் உண்மையாக உலவியது பத்தொன்பது ஆண்டுகள்.

கதையின் நாயகராகவே ஆக்கப்பட்டவர் ஆங்கில மருத்துவர் ஜோசப் மார்ட்டிமர் கிரான்வில். மின்கலத்தால் இயங்கும் அதிர்வுக் கருவி ஒன்றை அவர் உருவாக்கியது மெய். ஆனால், நரம்பு அதிர்வுச் சிகிச்சை பற்றி 1883-இல் வெளிவந்த தம் நூலில், பெண்களுக்கு இச்சிகிச்சை செய்வதைத் தவிர்த்தே வந்திருப்பதாக அவரே எழுதுகிறார். ஹிஸ்டீரியா நிலையின் மாயங்கள் தம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். நாயகரின் சொந்த வாக்குமூலமே கதைக்கு எதிராக நிற்கிறது.

அப்படியாயின், அக்கால விளம்பரங்கள் எதைத்தான் விற்றன? தலைவலி, மலச்சிக்கல், காது மந்தம், முகச்சுருக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதிர்வே மருந்து என்றன. ஆண், பெண், குழந்தை என எல்லாரையும் அழைத்தன. சியர்ஸ் நிறுவனத்தின் 1918-ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில், ஒரே மின் இயந்திரத்தோடு பொருத்தத்தக்க துணைக்கருவிகளுள் ஒன்றாக, வீட்டு உபயோகப் பொருள்களின் நடுவே அது நிற்கிறது. வாங்கியவர்களுள் சிலர் வேறு பயனையும் தாமே கண்டறிந்திருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. மருத்துவரின் அறையில் அது சிகிச்சையாக நடந்தது என்பதற்குத்தான் சான்றில்லை.

இக்கதை ஏன் இவ்வளவு எளிதில் நம்பப்பட்டது? முன்னோரின் அறியாமையைக் கண்டு சிரிக்கும் இன்பம் அதில் உண்டு என்பது ஒரு காரணம். மற்றொன்று ஆழமானது. இக்கதையில் பெண் ஒன்றும் செய்வதில்லை. அவள் படுத்திருக்கிறாள், மருத்துவர் செய்கிறார், கருவியையும் அவரே கண்டுபிடிக்கிறார். பெண்ணின் இன்பத்துக்கும் ஓர் ஆண் தந்தை வேண்டியிருக்கிறது. பகடிக் கதையாகத் தோன்றுவது, பழைய எண்ணத்தையே புதிய உடையில் நிறுத்துகிறது. சான்றுள்ள வரலாறோ வேறு திசையைக் காட்டுகிறது.

அவ்வரலாறு ஒரு மறுப்பிலிருந்து தொடங்குகிறது. கிளிட்டோரிஸ் எனப்படும் உறுப்பின் வழி வரும் இன்பம் முதிராப் பருவத்தது, முதிர்ந்த பெண் அதை விட்டு யோனி வழி இன்பத்துக்கு மாற வேண்டும் என்பது 1905-இல் ஃபிராய்டு முன்வைத்த கருத்து. அப்படி மாற இயலாத பெண்கள் தங்களையே குறையுள்ளவர்களாக எண்ணிக்கொண்டனர். 1953-இல் ஆல்ஃபிரட் கின்சியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நேர்காணப்பட்ட பெண்களுள் 62 விழுக்காட்டினர் சுயஇன்பம் துய்த்ததுண்டு என்று கூறியிருந்தனர். 1966-இல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆய்வுக்கூட நோக்கீடுகளைக் கொண்டு, இரண்டும் உடலளவில் வெவ்வேறு உச்சநிலைகள் அல்ல என்றனர். 1970-இல் ஆன் கோட் எழுதிய கட்டுரை இதைப் பெண்ணிய இயக்கத்தின் வாதமாக்கிற்று.

வாதத்தை வாழ்க்கைக்குள் கொண்டுவந்தவர் பெட்டி டாட்சன். கான்சாஸ் மாநிலத்தில் 1929-இல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஓவியர் அவர். 1970-களின் தொடக்கத்தில் தம் குடியிருப்பில் பெண்களை வட்டமாக அமர்த்திப் பயிலரங்குகள் நடத்தினார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவரவர் உறுப்பை அவரவரே பார்க்கச் செய்தார். தம் உடலின் ஒரு பகுதியை நடுவயதில் முதன்முறையாகக் காணும் பெண்ணின் நிலையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். தாம் உருக்குலைந்தவள் என்று உள்ளுக்குள் அஞ்சியிருந்தவர்கள், மற்றவர்களும் அவ்வாறே பலவிதமாக இருப்பதைக் கண்டு அச்சம் நீங்கினர். டாட்சனுக்கே இளமையில் அந்த அச்சம் இருந்ததுண்டு. 1974-இல் சுயஇன்பம் பற்றிய தம் நூலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அவரது பயிலரங்கில் கருவி ஒரு துணை மட்டுமே. தன்னை அறிதல்தான் பாடம்.

அப்பயிலரங்குக்கு வந்தவர்களுள் ஒருவர் டெல் வில்லியம்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் படைப்பிரிவில் பணியாற்றியவர்; விளம்பரத்துறையில் உயர்பதவி வகித்தவர். உடல் தளர்ச்சிக்கென விற்கப்பட்ட அதிர்வுக் கருவி ஒன்றை வாங்க அவர் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குச் சென்றார். எதற்காக இது என்று விற்பனை இளைஞர் உரக்கக் கேட்டார். போர்க்காலப் பணி கண்ட அப்பெண்மணி கூசிப்போனார். இனி எந்தப் பெண்ணும் இப்படிக் கூச நேரக் கூடாது என்று எண்ணி, 1974-இல் 'ஏவாளின் தோட்டம்' என்னும் பொருள்படும் பெயரில் அஞ்சல்வழி விற்பனையைத் தம் சமையலறை மேசையிலிருந்தே தொடங்கினார். பின்னர் அது கடையாயிற்று.

வில்லியம்ஸுக்கு நல்ல பொருள் செய்து தந்தவர் கிரெனடாவில் பிறந்த காஸ்னெல் டங்கன். 1965-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். தம்மைப் போன்றோரின் இல்லறத் தேவையை எண்ணி, உடலுக்குத் தீங்கு செய்யாத சிலிக்கோனில் கருவிகளை வார்த்தார். அந்நாளில் விற்ற ரப்பர்ப் பொருள்கள் தரம் குறைந்தவை. மாற்றுத்திறனாளி ஒருவரின் தேவையும் பெண்களின் தேவையும் இவ்விடத்தில் கைகோத்தன.

1977-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜோனி பிளாங்க் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்னும் கடையைத் திறந்தார். உச்சநிலையை அறியாத பெண்களுக்கான குழுக்களில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. இருண்ட சந்துக் கடைகளுக்கு மாறாக, வெளிச்சமான அறை, கேள்விக்கு விடைசொல்லும் ஊழியர், விற்பனைக்கு நூல்கள், பார்வைக்குப் பழங்காலக் கருவிகள் என அதை அமைத்தார். 1992-இல் கடையை ஊழியர்களின் கூட்டுறவு உடைமையாக்கினார்.

சட்டம் பின்தங்கியே வந்தது. 1998-இல் அலபாமா மாநிலம் இத்தகைய கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது. அதை எதிர்த்த வழக்கை ஏற்க 2007-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மறுத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் தடையை 2008-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. மருத்துவமும் விரைந்துவிடவில்லை. கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள் விரிந்திருப்பதைப் பழைய உடற்கூற்றறிஞர் சிலர் அறிந்திருந்தும், பாடநூல்கள் அதைச் சுருக்கிவிட்டிருந்தன. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானலும் உடனாய்வாளர்களும் 1998-இல் அதை மீண்டும் விரிவாக ஆராய்ந்து எழுதினர். கண்ணாடி வட்டங்கள் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

2019-இல் மெக்சிகோ நகரில் கூடிய உலகப் பாலியல் நல மாநாடு, பாலின்பத்தையும் நலவாழ்வின் பகுதியாக அறிவித்தது. அறிவிப்பு பெரிது, அதற்கு வழியமைத்த இடங்கள் சிறியன: ஒரு குடியிருப்பின் தரை, ஒரு சமையலறை மேசை, சிலிக்கோன் வார்த்த ஒரு நிலவறை, வெளிச்சமான ஒரு கடை. பெண்களின் பாலின்பக் கருவிக்கு வரலாறு எழுதப் புகுவோர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கை சோர்ந்த மருத்துவரைத் தேடினால் அவர் ஏடுகளில் அகப்படமாட்டார். கூச்சத்தைத் தாண்டித் தம் உடலைத் தாமே அறியத் துணிந்த பெண்கள் அகப்படுவார்கள். அவர்களுக்கு உரியதை அவர்கள் பெயரில் எழுதிவைப்பதே வரலாற்றுக்கு முறை.